விலாசம் விசாரிக்க வந்தவர்

கரியாலூர்,
ஐப்பசி 24, திங்கட்கிழமை.

அன்பு மகள் தனுஷாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, தண்ணீர் ஒத்துக்கொண்டு, சளி கிளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை நிஜமாகவே சிக்னல் போயிற்று, மற்ற இரண்டு தடவை சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படு.

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அருவியில் தண்ணீர் விழுவதால் சனி ஞாயிறில் கார் காராக வருகிறார்கள், கடையில் இட்லி பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அப்பாவின் குத்தகை நிலத்தில் மரவள்ளி நன்றாகத்தான் இருந்தது, போன வாரம் காட்டுப்பன்றி புகுந்து ஒரு மூலையைக் கிளறிப் போட்டுவிட்டது. முழங்கால் வலி பரவாயில்லை என்கிறார், ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க என் தோளைத்தான் தேடுகிறார். நீ வேலையில் சேர்ந்ததைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். "எம் பொண்ணு லிஃப்ட்டு மாட்டுற கம்பெனில சேந்துட்டா, ஒரு வருசம் பயிற்சி முடிச்சிட்டு" என்று தோசைக்குக் காத்திருக்கிற ஆளிடம்கூடச் சொல்கிறார். ஒரு ஆள் "கரண்டு போய்ட்டா உள்ள இருக்கறவன் இன்னா பண்ணுவான்" என்று கேட்டார், அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை, முகம் சுண்டிப்போயிற்று. அதை அவருக்கு விவரமாகச் சொல்லிக்கொடு.

இனி சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்தார்களே, புரட்டாசியில், காலாண்டு லீவு விட்ட முதல் சனிக்கிழமை. ஆளுக்கொருவர் வீட்டிலிருந்து வரலாம் என்று நீ என்னை இரண்டு தடவை கூப்பிட்டாய். லீவுக்கூட்டம் வரும், கடையை மூட முடியாது என்று சொன்னேன். அது பாதிதான் உண்மை. கம்பெனி, ஆபீசர்கள், நாற்காலி போட்டு உட்காரவைப்பது என்றதும் எனக்குப் பயமாகிவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் நான் பேசுகிற பேச்சு அங்கே எடுபடுமா என்று ஒரு கூச்சம். சரி, நான் வராவிட்டால் நீ தனியாகத்தானே வாங்குவாய் என்று நினைத்துக்கொண்டேன். உன் சித்தி செவ்வந்தியைக் கூட்டிப்போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். ஒரு வருடம் நீ தங்கிச் சோறு தின்றது அவள் வீட்டில்தான், ஸ்ரீபெரும்புதூரில் அவளைவிட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள், இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் நீ அனுப்பிய போட்டோ வந்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அவள் மாம்பழக் கலர் புடவை கட்டி, உன் சான்றிதழைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். நீ அவள் தோளில் கைபோட்டிருந்தாய். என் தோளில் நீ கைபோட்டு ஒரு போட்டோ இல்லை, தேடிப் பார்த்தேன்.

அதோடு விட்டாளா. மறுநாள் போன் செய்து முக்கால் மணிநேரம் பேசினாள். கம்பெனியில் உயரமாக ஒரு கோபுரம் இருக்கிறதாம், பசங்கள் மாட்டிப் பழகுகிற லிஃப்ட் அதில் ஓடுகிறதாம், வந்தவர்களையெல்லாம் அதில் ஏற்றி மேலே கூட்டிப்போனார்களாம். "நம்ம பாப்பா மாட்டுன லிஃப்ட்டுக்கா, ஒரு ஆட்டம் இல்ல அசைவு இல்ல, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மேல போய்ட்டேன்" என்றாள். நான் ம், ம் என்று மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். உன் பக்கத்தில் நின்று, நீ மாட்டிய லிஃப்டில் என் தங்கை ஏறிவிட்டாள். அந்த ஒரு வருடமும் இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. செவ்வந்தி வைக்கிற காரக்குழம்பு நன்றாக இருக்கிறது என்றாய், அவள் எடுத்துக்கொடுத்த சுடிதார் பொருத்தமாக இருக்கிறது என்றாய், காய்ச்சல் வந்தபோது எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் சொன்னாய். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து பேசும்போது "இப்பத்தாம்மா ஷிப்ட் முடிஞ்சிது, நம்ம வூட்டுக்குப் போய்க்கினு இருக்கேன்" என்றாய். நான் ஒரு நிமிடம் நீ கரியாலூருக்குத்தான் வருகிறாய் என்று நினைத்துவிட்டேன். நீ சொன்னது அவள் வீட்டை. உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. எனக்கு அந்தத் தேதி ஞாபகம் இருக்கிறது.

நீ சான்றிதழ் வாங்கிய அடுத்த வாரம், திங்கட்கிழமை பதினோரு மணி இருக்கும், கடையில் கூட்டம் ஓய்ந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா நிலத்துக்குப் போயிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு, தோளில் பையோடு வந்து ஒரு டீ கேட்டார். பெயர் வீரமுத்து என்று பிறகுதான் தெரியும். வேலைக்குச் சேரப்போகிற பிள்ளைகளின் விலாசம் சரிதானா என்று வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிக்கொடுப்பது அவர் வேலை. தாளைப் பார்த்துக்கொண்டே "தனுஷா, தகப்பனார் பேர் அரங்கநாதன், இந்த விலாசம்தானுங்களா? இந்தப் பொண்ணு இங்கதான் இருக்குதா?" என்று கேட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தத் தாளைப் பார்த்தேன். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்று போட்டிருந்த இடத்தில் செவ்வந்தியின் பெயரும் அவள் நம்பரும் இருந்தது. இங்கே சிக்னல் கிடைக்காது, அதனால்தான் சித்தி நம்பரைக் கொடுத்தேன் என்று நீ பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். அதுவும் நியாயம்தான். அந்த நேரத்தில் நியாயம் எங்கே தோன்றுகிறது. என் பெண்ணுக்கு ஒன்று என்றால் கூப்பிட வேண்டியவள் நான் இல்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. "இங்க அப்படி ஒரு பொண்ணு இல்லைங்க. அதுல போட்டிருக்கே, அவங்க சித்தி, அவங்க வூட்டுல போய்க் கேளுங்க" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு "நீங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்மா?" என்று கேட்டார். "நான் கடைக்காரிங்க" என்றேன். பொய் இல்லைதானே, கடை நான்தானே நடத்துகிறேன். அவர் பக்கத்து வீட்டில் கேட்கப் போனார், அந்த வீடு பூட்டியிருந்தது, எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து தாளில் ஏதோ எழுதினார், ஏதாவது தகவல் தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வண்டிச் சத்தம் வளைவு வரைக்கும் கேட்டது. ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினேன். இதனால் உன் வேலைக்கு ஒன்றும் வராது, இன்னொரு தடவை கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், அழுதுகொண்டே போன் செய்தவள் நீதானே. விலாசத்தில் ஆள் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது, சேரும் கடிதத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள், என்னோடு பயிற்சி முடித்த எல்லாரும் சேரப்போகிறார்கள், நான் மட்டும் பொய் விலாசம் கொடுத்தவள் மாதிரி நிற்கிறேன் என்று விக்கினாய். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "அந்த ஆளு மலையே ஏறியிருக்க மாட்டாம்மா, கீழ எங்கியாவது டீக்கடையில உக்காந்துக்கினு எழுதியிருப்பான்" என்று நீ சொன்னாய், நான் வாயைத் திறக்கவில்லை. நீ அப்படியே புகார் எழுதிக் கொடுத்தாய். மறுபடி விசாரிக்க வேறு ஆள் வரவேண்டும், வரிசையில் இருக்கிறது என்று நாளைக் கடத்தினார்கள், நீயும் இன்றைக்கு அந்தத் தாள் நாளைக்கு இந்தத் தாள் என்று ஸ்ரீபெரும்புதூரிலேயே அலைந்தாய். பத்து நாள் லீவில் இங்கே வந்து தீபாவளி முடித்துவிட்டுப் போகவேண்டிய பிள்ளை, தீபாவளிக்கும் அவள் வீட்டில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தாய். எவளைப் பார்த்து வயிறெரிந்தேனோ அவளிடமே உன்னை இன்னும் ஒரு மாதம் நானே பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நான் அன்றைக்குச் சுட்ட அதிரசம் ஒன்றும் வாயில் வைக்க முடியவில்லை, அப்பா பாகு சரியில்லை என்றார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து நீ பேசும்போது ஒரு சந்தோஷத்தோடு சொன்னாய், "அந்த ஆள வேலைய வுட்டே தூக்கிட்டாங்களாம்மா, இனிமே யாரையும் ஏமாத்த மாட்டான்" என்று. நான் சாம்பார் இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் என் கடையில் குடித்த டீக்கு "சக்கரை கம்மியா, நல்லா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனவர். மலையேறி வந்து உள்ளது உள்ளபடி எழுதியவர் அவர். நான் மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. மளிகை வாங்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ரேஷன் அட்டை, உன் பிறப்புச் சான்றிதழ், உன் பத்தாவது மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினேன். உன் சான்றிதழுக்காகக்கூட மூடமுடியாது என்று சொன்ன கடையை, பார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அட்டையில் இருந்த நம்பருக்குப் பேசினேன். கரியாலூர் கடைக்காரி என்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வந்தார், நின்றார். "அந்தப் பொண்ணு எம் பொண்ணுதாங்க. நான்தான் இல்லன்னு சொன்னேன்" என்றேன். அவர் சத்தம் போடுவார், நான்கு பேர் கூடுவார்கள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவரோ "நாலு வருசமா இந்த வேலைம்மா. மழையில வழுக்கி வுழுந்து மூட்டு பேந்துருக்குது, அன்னிக்குக்கூட ஊட்டுல உக்காந்து எழுதல. போவாம எழுதிட்டேன்னு சொல்லிட்டாங்க பாரு, அதாம்மா தாங்கல" என்றார். வேலை போனதை அவர் பேசவே இல்லை. நான் தலையை நிமிர்த்தவில்லை. "வாங்க, இந்த வாயாலயே உங்க ஆபீசுல சொல்றேன்" என்றேன்.

ஆபீஸ் மூன்றாவது மாடியில். அவர் படியில் போகலாம் என்றார், மூட்டு வலிக்காரரை என்னால் படியேற விடமுடியவில்லை, லிஃப்டில்தான் போனோம். எனக்கு அதுதான் முதல் தடவை. பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி ஏறியது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கும்கூட எனக்குள் ஒரு கணக்கு ஓடியது, செவ்வந்தி ஏறியது ஆடாமல் போயிற்றாமே என்று. இந்தப் புத்தியை என்ன சொல்ல. உள்ளே மேனேஜர் உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண், சந்தியா என்று மேஜைமேல் பெயர் இருந்தது. தாள்களையெல்லாம் வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கே, அப்புறம் ஏம்மா இல்லன்னு சொன்னீங்க? காரணம் போடணும். தெரியாம சொல்லிட்டேன்னு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். வீரமுத்து அண்ணனே "அப்படியே போட்டுக்கோங்க மேடம், அவங்களும் பாவம்" என்றார். அப்படிப் போட்டால், சரியாகக் கேட்காமல் வந்தது அவர் தவறு என்று ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. "தெரியாம இல்லம்மா, தெரிஞ்சேதான் சொன்னேன். எந்தங்கச்சி மேல பொறாமைல சொன்னேன்" என்றேன். அந்தப் பெண் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் "எங்க அம்மா எங்கூட ரெண்டு மாசமா பேசல, நான் எங்க அத்த வூட்டுல தங்கியிருக்கேன்னு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து ஏதோ அடித்தாள். வீரமுத்து சொன்னது உண்மை, தாயார் வேண்டுமென்றே மறைத்தார் என்று எழுதி வாசித்துக் காட்டினாள், நான் கையெழுத்துப் போட்டேன். நான்காம் நாள் உனக்குக் கடிதம் வந்துவிட்டது. நான் சாமி கும்பிட்டதால்தான் கடிதம் வந்தது என்று சொன்னாயே, வந்தது இந்தக் கையெழுத்தால்தான். வீரமுத்து அண்ணனை மறுபடி எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மலைப்பக்கம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவருக்கு இப்போது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, மூன்று நாள் கடைப்பக்கம் வரவில்லை, அவ்வளவுதான். நீ வேலையில் சேர நான்கு நாள்தான் இருந்தது, மலைக்கு வந்துபோக நேரமில்லை என்று அங்கிருந்தே ரயில் ஏறினாய். உன்னை ரயிலேற்றியவள் செவ்வந்தி. புளிசாதம் கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். அன்று சாயங்காலம் அவள் போன் செய்து பாப்பா நல்லபடியாக ஏறிவிட்டாள் என்றபோது, நான் அவளிடமும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ "யக்கா, நானும் ஒண்ண உங்கிட்ட சொல்லாம வெச்சிக்கினு இருந்தேன்" என்றாள். அந்தக் கோபுரத்து லிஃப்டில் போகும்போது நீ அவளிடம் "எங்க அம்மா இதுல ஏறுனா ரொம்ப பயந்துக்குவாங்க சித்தி, அவங்க வர அன்னிக்கு நான்தான் பக்கத்துல நிக்கணும்" என்று சொன்னாயாம். "ஒரு வருசமா சோறு போட்டு, துணி தொவச்சி, ஷிப்ட்டுக்கு எழுப்பி அனுப்பிக்கினு இருந்தவ நானு, மேல போய் நின்னதும் அவ வாயில வந்தது நீ. அதாங்க்கா லிஃப்ட்டப் பத்தி அவ்ளோ நேரம் பேசியும் இத உங்கிட்ட சொல்லல" என்றாள். அவளுக்கு இரண்டு பையன்கள், இருவரும் அவளிடம் சாப்பாட்டுக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு அவள்மேல் இருந்த எரிச்சல் அத்தனையும் போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் பொய் எழுத மாட்டேன். இன்னும் இருக்கிறது. புளிசாதம் ரயிலில் இரண்டாம் நாளும் கெடவில்லை என்று நீ சொன்னபோது வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். செவ்வந்திமேல் மட்டும் இல்லை, உன்மேலும் எனக்குக் கொஞ்சம் இருந்தது. பயிற்சி முடிந்ததும் உன்னை ஆளாளுக்கு "அடுத்து இன்னா" என்று கேட்டார்கள். அங்கேயே இருப்பாயா, புனே போவாயா, மேலே படிப்பாயா என்று. நான் பத்தாவது முடித்தபோது பிறந்த வீட்டில், திருநாவலூரில், யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை, கல்யாணம் செய்தார்கள், மலைக்கு வந்தோம், கடை போட்டோம். யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இந்த ஒரு மாதமாக இட்லி ஊற்றும்போதெல்லாம் யோசிக்கிறேன், பதில் வரவில்லை. உனக்குப் பதில் இருந்தது, நீ புனே என்று சொன்னாய். போனது நல்லதுதான். கோபம் வந்து நான் பாதியில் வந்துவிடு என்று எப்போதாவது சொன்னாலும் வந்துவிடாதே.

பெல்ட் போடாமல் மேலே ஏறாதே, கூட வேலை செய்கிறவன் இது போதும் என்று சொன்னாலும் கேட்காதே. ராத்திரிச் சாப்பாட்டை விடாதே. சப்பாத்தி ஜாஸ்தி சாப்பிட்டால் உனக்கு வயிறு கட்டிக்கொள்ளும், மோர் குடி. நீ தங்கியிருக்கிற வீட்டுக்கார அம்மாள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், கைக்குச் சூடாகக் கொடுக்கிறாள் என்று சொன்னாய், சந்தோஷம். அவளை அம்மா என்று கூப்பிட வேண்டி வந்தால் கூப்பிட்டுக்கொள், அதை எனக்குப் போனில் சொல்லாதே. தை மாதம் கடையை நான்கு நாள் மூடிவிட்டு வரலாம் என்று இருக்கிறேன். நீ வா என்று சொன்னால்தான். இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ சொல்வாயோ மாட்டாயோ.

திருநாவலூர் ஈஸ்வரன் உனக்கு நீண்ட ஆயுசும் கெடாத பெயரும் கொடுக்கட்டும். உன் கை தொட்ட வேலை நிலைத்து நிற்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். கடைசியாக ஒன்று, மறக்காதே. வீரமுத்து அண்ணனின் நம்பரை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். பொய் சொன்னது நான், ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து எழுதினான் என்று எழுத்தில் கொடுத்தது நீ. அன்று கள்ளக்குறிச்சியில் என்னைப் பஸ் ஏற்றிவிடும்போது அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், "பாப்பாவுக்கு வேலை கெடைச்சிடும் இல்லம்மா?" என்று. நீ என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருக்க வேண்டுமோ இருந்துகொள், நான் தாங்கிக்கொள்வேன். அவருக்கு இன்றைக்கே பேசிவிடு.

இப்படிக்கு
உன் அம்மா,
அ. மலர்விழி.